வினாடியில் பத்தில் ஒரு பங்கு

9 ஜூன் 1998, செவ்வாய்

காலை பத்தரைக்குப் போன கரண்ட் ஒன்றே காலுக்குத்தான் வந்தது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. நாள் முழுக்கச் செய்த வேலை என்று பார்த்தால் ஒரு ஸ்க்ரூ முடுக்கியதுதான்.

இன்று ராணிப்பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒருவர் எங்கள் ஷெட்டுக்குள்ளும் தலையை நீட்டினார். முன்பக்கம் தோல் பதனிடும் டிரம்களுக்கான டைமரும் தெர்மாமீட்டரும் செய்கிற மேசைகள். அதையெல்லாம் பார்த்துத் தலையாட்டினார். பின்பக்கத் தடுப்புக்குள் போனதும் அப்படியே நின்றுவிட்டார். விமான சீட் ஒன்று, கைப்பிடி, கால் பெடல், எதிரே பெரிய திரையில் கோடுகளால் வரைந்த ஓடுதளம். "பிளேன் எங்கம்மா?" என்றார். பெங்களூரில் இருக்கிறது, இன்னும் பறக்கவில்லை என்றேன். "அப்ப இங்க இன்னா பறக்குது?" என்றார்.

நல்ல கேள்வி. பதினாலு மாதமாக நானும் இதற்குத்தான் பதில் செய்துகொண்டிருக்கிறேன். புது விமானம். பதினாலு பேர் போகலாம். கைப்பிடியை இழுத்தால் வாலுக்குக் கம்பி போகாது, மின்சாரம்தான் போகும். அதை முதல்முதலில் மேலே எடுத்துப் போகிறவர் ஒரு மனிதர். அவர் மேலே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதை முன்னாடியே இந்த ரூமில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தி மறுபடி ஆரம்பிக்கலாம்.

அக்சா ஸ்கூலில் சொல்லியிருக்கிறாள்: "எங்கம்மா ரூமுக்குள்ள பிளேன் ஓட்டுவாங்க." டீச்சர் சிரித்தாராம். சிரிக்கட்டும்.

16 ஜூன், செவ்வாய்

பைலட் வந்தார். பெயர் ரெனால்ட். விமானப்படையில் இருந்து வந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய மீசையோடு இங்கிலீஷில் பேசும் ஆள் ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். இவர் அரக்கோணம் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். காரை விட்டு இறங்கியதுமே, "ஆம்பூர் தாண்டும்போதே மூக்கு சொல்லிச்சி மேடம், ஊர் வந்துட்டுதுன்னு" என்றார். டிரம் மேசைக்காரர்களுக்கெல்லாம் அவரை உடனே பிடித்துப்போயிற்று.

சீட்டில் உட்கார்ந்தார். ஏற்றம், திருப்பம், வேகம் குறைத்தல், எல்லாம் நன்றாக வந்தது. நான் மூச்சு விட ஆரம்பித்தேன். கடைசியில் இறக்கம். தரை நெருங்கும்போது மூக்கு கொஞ்சம் தூக்கியது. அவர் அழுத்தினார். ஜாஸ்தியாக இறங்கியது. இழுத்தார். இன்னும் ஜாஸ்தியாகத் தூக்கியது. நாலாவது ஆட்டத்தில் தரையில் மோதித் திரை சிவப்பாகிவிட்டது. ஆறு முறை இறங்கிப் பார்த்தார், ஆறும் அதேதான்.

எழுந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது பிளேன் இல்ல, ஊஞ்சல்" என்றார்.

பெங்களூரில் இந்த விமானத்துக்குத் தலைவர் வேதாசலம். போனில் அவர் ஒரே வரிதான் சொன்னார். "உங்க சிமுலேட்டர் சரியில்லங்க." நிசார் சார் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதலாளி. தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, "எலெக்ட்ரானிக்ஸ் பண்றேன்" என்று கிளம்பி வந்தவர். என்னை நம்பித்தான் இந்த வேலையை எடுத்தார்.

அவமானம். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

18 ஜூன்

கணக்கு சரி. மறுபடி பார்த்தேன். சரிதான்.

20 ஜூன், சனி

கண்டுபிடித்தேன்.

எங்கள் ரூமுக்கு ஒரே ஒரு சட்டம்: எல்லாக் கணக்கும் இருபது மில்லி செகண்டுக்குள், அதாவது ஒரு வினாடியை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குள், முடிய வேண்டும். பைலட் கையை அசைத்ததும் விமானம் அசைய வேண்டும், நிஜத்தில் எப்போது அசையுமோ அப்போது. தாமதமாக வருகிற சரியான விடை இங்கே தப்பான விடை. கம்ப்யூட்டர் பதினாலிலேயே முடித்துவிடுகிறது. அப்படியானால் தாமதம் எங்கே?

கைப்பிடியைப் பட்டென்று தட்டிவிட்டு, சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். கை அசைந்தது ஓரிடம். அது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு இடம். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு காணோம். நடுவில் இருப்பது ஒரே ஒரு கார்டு. கவுஸ் பாஷா செய்தது.

கவுஸ் பாய் பதினேழு வருடமாக டிரம் தெர்மாமீட்டர் செய்கிறவர். சால்டரிங் அயர்ன் பிடித்தால் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரீடிங் குதிச்சுது மேடம். அதான் சமாதானம் பண்ணி வெச்சேன்."

"சமாதானமா? இன்னா சமாதானம்?"

"பத்து ரீடிங் எடுத்து சராசரி போட்டு ஒன்னா அனுப்புது. டிரம்முக்கு எப்பவும் அப்டித்தானே பண்றோம்?"

டிரம்முக்கு அது நியாயம்தான். உள்ளே தோலும் தண்ணீரும் புரளும்போது முள் தாறுமாறாகக் குதிக்கும். பத்தைச் சேர்த்துச் சராசரி போட்டால் அடங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதமானால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தரைக்கு நாலடி மேலே இருக்கிற பைலட்டுக்கு? அவர் இழுக்கிறார், விமானம் இன்னும் கேட்கவில்லை. இன்னும் இழுக்கிறார். அப்புறம் இரண்டும் சேர்ந்து கேட்கிறது.

நான் கத்திவிட்டேன். எல்லார் எதிரேயும். "இது என்ன ஆட்டுத்தோல்னு நெனச்சீங்களா?" என்றேன். அந்த மனுஷன் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

22 ஜூன், திங்கள்

காலையில் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். "பாய், நான் பேசினது தப்பு." "தப்பு என்னுது மேடம்" என்றார். "நீங்க சொல்லலேன்னா எனக்கு எப்டித் தெரியும்?" அதுவும் உண்மைதான். பதினாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவரை அந்த சீட்டில் உட்காரவைத்து இது எதற்கென்று நான் சொன்னதில்லை. இன்று சொன்னேன். உட்காரவைத்து ஓட்டவும் விட்டேன். இரண்டாவது நிமிடம் பாலாற்றில் இறக்கிவிட்டார்.

சமாதானத்தை எடுத்ததும் ரீடிங் பழையபடி குதித்தது. அவர் அதைச் சராசரி போட்டு அமுக்கவில்லை, குதிப்பது எதனால் என்று தேடிப் போனார். ஒயரைப் பிரித்து, இரண்டிரண்டாக முறுக்கி, மேலே உறை போட்டு, எர்த்தை ஒரே இடத்தில் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு முள் அசையாமல் நின்றது.

25 ஜூன், வியாழன்

ரெனால்ட் மறுபடி வந்தார். எட்டு இறக்கம், எட்டும் நல்லபடி. "இப்ப இது பிளேன்" என்றார். வேதாசலம் போனில் சிரித்தார். முதல் பறப்பு ஜூலை 16 என்று முடிவாகிவிட்டது. டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள்.

தவறு எங்கள் கார்டில் இருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று ஒரு கடிதம் எழுதி நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். பட்டேன். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. இத்தனை கெட்டிக்காரப் பைலட், பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதமானதும் ஆறு முறையும் விழுந்தார். நிஜ விமானத்தில் எங்கேயாவது அப்படி ஒரு பத்தில் ஒரு பங்கு ஒளிந்திருந்தால்? பெங்களூர் கொடுத்த டாக்குமெண்டில் இல்லை. டாக்குமெண்டில் இல்லாததெல்லாம் விமானத்தில் இல்லை என்று யார் சொன்னது?

29 ஜூன், திங்கள்

பெங்களூருக்குப் போன் போட்டேன். கைப்பிடிக்கும் வாலுக்கும் நடுவே இருக்கிற பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் பூர்ணிமா. நல்ல பெண். எல்லாம் டாக்குமெண்ட்படிதான் மேடம் என்றாள். வைக்கப் போகும்போது, "என்ஜின் ஸ்டார்ட் பண்ணினா சிக்னல் ரொம்ப ஆடிச்சு மேடம். ஏப்ரல்ல கொஞ்சம் ஸ்மூத் பண்ணோம். சின்ன சேஞ்ச்தான்" என்றாள்.

ஸ்மூத்.

எங்கள் ஷெட்டில் அதற்குப் பெயர் சமாதானம். எவ்வளவு ஸ்மூத் என்று கேட்டேன். அளந்து பார்க்கவில்லையாம்.

30 ஜூன், செவ்வாய்

நிசார் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மேடம், போன வாரம் நம்ம ரூம்தான் தப்பா காமிச்சிதுன்னு நாமளே எழுதிக் குடுத்தோம். இப்ப இல்ல இல்ல, பிளேன்தான் தப்புன்னு சொன்னா நம்மள இன்னா நெனைப்பாங்க?"

என்ன நினைப்பார்கள் என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. வேதாசலம் போனில்: "உங்க டிரம் ஆளு செஞ்ச தப்பத் தூக்கி எங்க பிளேன் மேல போடறீங்களா?"

"சார், அந்தப் பெட்டிய ஒரே ஒரு நாள் இங்க அனுப்புங்க. எங்க ரூம்ல மாட்டிப் பார்த்துட்டுத் திருப்பித் தர்றோம்."

"கழட்டினா மறுபடி மொத்த இன்ஸ்பெக்‌ஷனும் பண்ணணும். பதினாறாம் தேதி போய்டும்."

"போகட்டும் சார்."

வைத்துவிட்டார்.

ஜெயசீலன் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் அவரிடம் புலம்பினேன். லேபில் ரத்தம் பார்க்கிறவர் அவர். "ரிசல்ட்ல சந்தேகம் வந்தா நாங்க மறுபடியும் ரத்தம் எடுப்போம். பேஷண்ட் திட்டுவான். திட்டட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிடப் போய்விட்டார். இந்த மனுஷனோடு பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியதற்கு இது ஒன்று போதும்.

2 ஜூலை, வியாழன்

ரெனால்டுக்கு நேராக எழுதிவிட்டேன். முறையில்லைதான். ஆனால் உயிர் அவருடையது. ஒரு பக்கம் மட்டும்: ஜூனில் நீங்கள் ஆறு முறை விழுந்தது எங்கள் கார்டால். அதே தாமதம் உங்கள் நிஜப் பெட்டியிலும் இருக்கலாம். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று யாரும் அளக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஃபேக்ஸ் மெஷின் நிசார் சார் ரூமில் இருக்கிறது. கையில் பேப்பரோடு போய் நின்றேன். வாங்கி இரண்டு தடவை படித்தார். இந்த வேலை போனால் பின்பக்க ரூமே இல்லை, அது அவருக்கும் தெரியும். பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுத் தானே மெஷினில் விட்டார். "லைன் பிஸி, இருங்க" என்று மூன்று தடவை முயற்சி பண்ணினார்.

3 ஜூலை

பதில் இல்லை.

4 ஜூலை, சனி

ரெனால்ட் போன் பண்ணினார். "வேதாசலம் சார்ட்ட சொல்லிட்டேன் மேடம். அந்தப் பெட்டி ராணிப்பேட்டைக்குப் போய்ட்டு வராம நான் ஏற மாட்டேன்."

"கோவிச்சிக்கிட்டாரா?"

"ஜாஸ்தியா."

5 ஜூலை, ஞாயிறு

ஆராதனையில் எல்லாரும் மழைக்காக ஜெபித்தார்கள். நான் ஒரு பெட்டிக்காக ஜெபித்தேன். அதில் தப்பு இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா? ஆண்டவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் சொன்னது சரியாக வேண்டும் என்று ஆசை. அதற்கு விமானம் தப்பாக இருக்க வேண்டும். இது என்ன ஆசை?

8 ஜூலை, புதன்

முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

வேதாசலமே வந்தார். பெட்டியைப் பெங்களூரிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். கைகுலுக்கவில்லை. டீ வேண்டாம் என்றார். ரெனால்ட் பின்னாடி இன்னொரு காரில் வந்தார்.

பெட்டிக்கும் எங்கள் ரூமுக்குமான கேபிளை கவுஸ் பாய் நேற்றே செய்து வைத்திருந்தார். மாட்டினோம். பைலட் உட்காரும் முன்னாடி கைப்பிடியை நானே ஒரு தட்டுத் தட்டினேன். ஆஸிலோஸ்கோப் திரையில் இரண்டு கோடு. நடுவில் இடைவெளி. அளந்தேன்: நூற்றுப் பத்து மில்லி செகண்ட்.

கவுஸ் பாய் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சன்னமாகச் சொன்னார். "மேடம், இவங்களும் சமாதானம் பண்ணியிருக்காங்க."

வேதாசலம், "நம்பர் இருக்கட்டும். ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

ரெனால்ட் உட்கார்ந்தார். முதல் இறக்கம் நல்லபடி. இரண்டாவதும் நல்லபடி. வேதாசலம் வாட்சைப் பார்த்தார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது: ரெனால்டுக்கு இப்போது விஷயம் தெரியும். பூ மாதிரி பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். நிஜத்தில் எல்லா நாளும் அப்படி ஓட்ட விடுமா? "கொஞ்சம் காத்து போடறேன் சார்" என்றேன். பெரிய காற்று இல்லை. ஆடி மாசத்தில் நம் ஊரில் சாயங்காலம் அடிக்குமே, அது.

தரைக்குப் பத்தடி மேலே ஒரு தள்ளு. பிடித்தார். மூக்கு போனது. இழுத்தார். நாலு ஆட்டம். சிவப்பு.

டிரம் மேசைப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, யாரோ போய் நிறுத்தினார்கள்.

"இன்னொரு தடவ" என்றார் வேதாசலம். சிவப்பு. "இன்னொரு தடவ." சிவப்பு.

அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு நிசார் சாரிடம் போய், போன் வேண்டும் என்றார். பெங்களூரில் யாரையோ பிடித்து, "பதினாறாம் தேதி கேன்சல். ஆமா. நான்தான் சொல்றேன். என் பேர்லயே போடுங்க" என்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வரியில் போய்விட்டது.

திரும்பி வந்து நேராக கவுஸ் பாயிடம் போனார். "நீங்க சராசரிய எடுத்துட்டீங்கல்ல? அப்பறம் ஆட்டத்த எப்படி நிறுத்தினீங்க?"

கவுஸ் பாய் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, மேசையை இழுத்து, ஒயரைக் காட்ட ஆரம்பித்தார். எங்கே முறுக்கணும், எங்கே எர்த் கொடுக்கணும், எங்கே கொடுக்கவே கூடாது. வேதாசலம் குனிந்து பார்த்து நோட்டில் வரைந்துகொண்டார். டீ இப்போது குடித்தார். இரண்டு.

ராணிப்பேட்டை ஷெட்டில் டிரம் தெர்மாமீட்டர் செய்கிற மனுஷனிடம் விமானம் செய்கிறவர் பாடம் கேட்கிறார். அந்த மனுஷனை மூன்று வாரம் முன்னாடி ஆட்டுத்தோலைச் சொல்லித் திட்டியவள் நான். அவர் செய்த தப்பு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் ஜூன் 16ஆம் தேதியே எல்லாம் அழகாக இறங்கியிருக்கும். நாங்களும் கைதட்டி அனுப்பி வைத்திருப்போம்.

பெருமையாக இருக்கிறது. என் டைரிதானே. எழுதுகிறேன்: பெருமையாக இருக்கிறது.

9 ஜூலை

அக்சாவுக்கு ஜுரம். லீவு.

21 ஆகஸ்ட், வெள்ளி

மாற்றிய பெட்டி வந்தது. ஒயர் கவுஸ் பாய் முறுக்கிய மாதிரியே முறுக்கியிருந்தது. தாமதம் பதினெட்டு மில்லி செகண்ட். என்ன காற்று போட்டும் ரெனால்டை விழவைக்க முடியவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு தாளும் வந்தது: இனிமேல் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ மாற்றினாலும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, பொறுப்பாளர் கையெழுத்து வாங்கின பிறகுதான் பறக்க வேண்டும். பொறுப்பாளர் என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே என் பெயர். ஞானசுந்தரி ஜெயசீலன். ஸ்பெல்லிங் தப்பு. பரவாயில்லை.

11 செப்டம்பர், வெள்ளி

இன்று பறந்தது. இருபத்தேழு நிமிடம்.

காலையிலிருந்து ஷெட்டில் ஒருத்தரும் வேலை செய்யவில்லை. போனைச் சுற்றியே நின்றோம். பதினொன்றே காலுக்கு ரெனால்ட் கூப்பிட்டார்.

"எப்டி இருந்திச்சி சார்?"

"ஒன்னுமே நடக்கல மேடம்."

நான் அதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். ஷெட்டே கத்தியது. ஒன்றுமே நடக்காததற்கு இப்படிக் கத்துகிற கூட்டம் வேறெங்கும் இருக்காது.

12 செப்டம்பர்

பேப்பரில் நாலு வரி. ராணிப்பேட்டை என்ற பேரே இல்லை. ஜெயசீலன் அதையும் வெட்டி ஃபைலில் வைத்திருக்கிறார்.

6 அக்டோபர், செவ்வாய்

ரெனால்ட் இன்று சொல்லாமல் வந்தார். கையில் ஒரு டேப். போன வியாழக்கிழமை பதினோராவது பறப்பு. இறங்கும்போது மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று, தரைக்குப் பக்கத்தில் இரண்டு தள்ளு. இறங்கிவிட்டார். கூட இரண்டு என்ஜினியர்கள் உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களில் ஒருத்தி பூர்ணிமா. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, இறங்கியதும் பசிக்கிறது என்றாளாம்.

"அந்தக் காத்து இதுல இருக்கு மேடம். உங்க ரூம்ல போட முடியுமா?"

"போடலாம் சார்."

"பெட்டி மட்டும் பழசு போடுங்க."

எதற்கென்று நான் கேட்கவில்லை. பழைய பெட்டியின் தாமதம் எங்களிடம் நம்பராக இருக்கிறது. போட்டேன். கவுஸ் பாய் டேப்பை மாட்டினார். ரெனால்ட் மூன்று முறை இறங்கினார். சும்மா விளையாட்டுக்கு இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிந்த வித்தையெல்லாம் போட்டு. மூன்று முறையும் திரை சிவப்பானது.

பிறகு எங்கள் ரிஜிஸ்டரை வாங்கித் தேதி போட்டு, மூன்று வரியிலும் 'இறங்கவில்லை' என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எஸ்டிடி லைன் இருக்கா மேடம்? வீட்டுக்குப் பேசணும்."

நிசார் சார் ரூமில் உட்காரவைத்தேன். கதவைச் சாத்தும்போது காதில் விழுந்தது. "ஒன்னுமில்ல. சும்மாதான் போட்டேன். ...இல்ல, சும்மாதான். நீ பேசு, நான் கேக்கறேன்."

வெளியே கவுஸ் பாய் நின்றுகொண்டிருந்தார். ஃபேக்ஸ் ஒன்று அனுப்ப வேண்டும் என்றார். லைன் பிஸி, அப்புறம் அனுப்பலாம் என்று சொன்னேன்.